பழைய பென்ஸ் 230ஈ: பெற்றோல் பம்ப், இன்ஜெக்டர் எதை வாங்குவது, எங்கே வாங்குவது?

தம்பி, நீங்கள் எழுதியதைச் சுருக்கினால் இவ்வளவுதான். அப்பாவின் 1989 மெர்சிடிஸ் பென்ஸ் 230ஈ. காலையில் பிரச்சினை இல்லை. ஓடிவிட்டு நிறுத்தி, இருபது நிமிடம் கழித்து வந்தால் நீண்ட நேரம் செல்ஃப் அடிக்க வேண்டியிருக்கிறது. பிடித்த பிறகும் கொஞ்ச நேரம் இருமிக்கொண்டு ஓடுகிறது. 2022 பெற்றோல் வரிசைக் காலத்தில் கார் பல மாதம் கொட்டிலில் நின்றிருக்கிறது. மெக்கானிக் பம்ப், பெற்றோலை விசிறும் நாலு இன்ஜெக்டர், அவற்றுக்குப் பெற்றோலைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டர் எல்லாவற்றையும் மாற்றச் சொல்கிறார். நல்லூர்த் திருவிழாவுக்கு ஜேர்மனியிலிருந்து மச்சான் வருகிறார், அவரிடம் சொல்லி எடுப்பிக்கலாம். பென்ஸ் பெட்டியில் வருவதா, போஷ் பெட்டியில் வருவதா, ஒன்லைனில் கிடைக்கும் மலிவுச் சாமானா, கொழும்பில் பழைய உதிரிப்பாகம் விற்கும் பஞ்சிகாவத்தையில் கழற்றிய சாமானா என்று கேட்கிறீர்கள். என்னைப் பொறுத்தவரை எந்தப் பெட்டி என்பது இரண்டாவது கேள்வி. எந்தச் சாமான் பழுது என்று இன்னும் ஒருவரும் அளந்து பார்க்கவில்லை என்பதுதான் உங்கள் கடிதத்தில் எனக்குத் தெரிவது.

நான் கொழும்பில் ஒரு பென்ஸ் வேலைத்தளத்தில் தொழில் பழகி, பிறகு யாழ்ப்பாணத்துக்கு வந்து பல வருடமாக இந்த வேலையையே செய்கிறவன். காரைப் பார்க்காமல் எழுதுகிறேன், ஆகவே உறுதியாகச் சொல்லக்கூடியதை உறுதியாகவும் ஊகத்தை ஊகம் என்றும் பிரித்தே சொல்கிறேன்.

உறுதியானது முதலில். 230ஈ-இல் இருப்பது போஷ் கேஈ-ஜெட்ரோனிக் என்ற பெற்றோல் விசிறும் சிஸ்டம். 1973இல் வந்த கே-ஜெட்ரோனிக்கின் அடுத்த தலைமுறை. இன்றைய கார்களைப் போல இன்ஜெக்டர் மின்சாரத்தில் திறந்து மூடுவதில்லை. பம்ப் தரும் அழுத்தமே இன்ஜெக்டரைத் திறக்கிறது. என்ஜின் ஓடும் மட்டும் நாலும் தொடர்ந்து விசிறிக்கொண்டே இருக்கும். எவ்வளவு போகவேண்டும் என்பதை, உள்ளே இழுபடும் காற்று ஒரு தட்டைத் தூக்கும் அளவை வைத்து டிஸ்ட்ரிபியூட்டர் தீர்மானிக்கிறது. கேஈ-யில் அதற்கு மேல் ஒரு சின்ன மின் கட்டுப்பாடு, அவ்வளவுதான். ஆகவே இந்தச் சிஸ்டத்தில் எல்லாமே அழுத்தக் கணக்கு. ஓடும்போது 5.3 முதல் 5.5 பார் (அழுத்தத்தை அளக்கும் அலகு) வரை இருக்கவேண்டும். நிறுத்தியதும் இன்ஜெக்டர் திறக்கும் அழுத்தத்துக்குச் சற்றுக் கீழே இறங்கி, அங்கேயே நெடுநேரம் நிற்கவேண்டும். அப்படி நிற்காவிட்டால் என்ஜின் சூட்டில் குழாய்க்குள் இருக்கும் பெற்றோல் ஆவியாகிவிடும். அந்த ஆவி வெளியேறிக் குழாய் மறுபடி நிரம்பும்வரை நீங்கள் செல்ஃப் அடித்துக்கொண்டிருப்பீர்கள். எங்கள் ஊர் வெயிலில் இது இன்னும் சீக்கிரம் நடக்கும். காலையில் எல்லாம் ஆறியிருப்பதால் தெரியாது.

கிணற்று மோட்டரின் ஃபூட் வால்வ் ஒழுகினால் ஒவ்வொரு முறையும் தண்ணீர் ஊற்றித்தானே மோட்டரைப் போடவேண்டும்? அதே கதைதான் இது. பம்பின் வாயில் ஒரு திரும்பாத வால்வ் இருக்கிறது. அதற்கு அடுத்ததாக அக்யூமுலேட்டர் என்ற சின்ன உருளை, உள்ளே ஒரு றப்பர்த் தட்டும் சுருளும். இந்த இரண்டும் சேர்ந்துதான் நிறுத்திய பிறகு அழுத்தத்தைப் பிடித்து வைக்கின்றன. நீங்கள் சொல்லும் அறிகுறிக்கு என் முதல் சந்தேகம் இந்த இரண்டின் மேல்தான். அடுத்ததாக ஒழுகும் இன்ஜெக்டர், பிறகு அழுத்தக் கட்டுப்பாட்டு வால்வ், ஆறிய என்ஜினுக்குக் கூடுதல் பெற்றோல் விசிறும் குளிர் ஸ்டார்ட் வால்வ். இது ஊகம். ஆனால் அளந்தால் ஒரு பின்னேரத்துக்குள் உறுதியாகிவிடும் ஊகம்.

அளப்பதற்கு 10 பார் வரை காட்டும் பெற்றோல் கேஜ் வேண்டும். ஜப்பான் கார்களுக்கு என்று விற்கும் பெட்டியில் உள்ள கேஜ் போதும், ஆனால் அதிலுள்ள முனைகள் பென்ஸுக்குப் பொருந்தாது. லேத் வேலை செய்யும் இடத்தில் ஒரு முனை கடைந்து எடுக்கலாம். ஓடும்போது எவ்வளவு, நிறுத்தியவுடன் எவ்வளவு, அரை மணித்தியாலம் கழித்து எவ்வளவு என்று மூன்று எண்களை எழுதுங்கள். கடைசி எண் 2.5 பாருக்குக் கீழே போனால் எங்கோ ஒழுகுகிறது என்பது நான் வைத்திருக்கும் கணக்கு. எங்கே என்று பார்க்க, நிறுத்தியவுடன் தாங்கியிலிருந்து பம்புக்கு வரும் றப்பர் ஹோஸை வெடிப்பு விழாமல் கவ்வியால் இறுக்கி அடையுங்கள். இப்போது அழுத்தம் நின்றால் பம்பின் வால்வ் குற்றவாளி. அக்யூமுலேட்டரின் பின்பக்கம் ஒரு மெல்லிய ஹோஸ் போகும், அதைக் கழற்றுங்கள். அக்யூமுலேட்டரின் அந்த வாயிலிருந்து பெற்றோல் வந்தால் உள்ளே றப்பர் கிழிந்துவிட்டது, வேறு விசாரணை தேவையில்லை. பிறகு பம்ப் தள்ளும் அளவு. திரும்பும் குழாயை ஒரு பாத்திரத்துக்குள் விட்டுப் பம்பை மட்டும் ஓடவிட்டால் 40 விநாடியில் 1 லீற்றராவது வரவேண்டும். வராவிட்டால் பம்பை ஏசுவதற்கு முன்னர் அதன் முனையில் வோல்ற் பாருங்கள், 11.5க்குக் குறைவாக இருந்தால் பழுது வயரில். கடற்காற்று இருக்கும் ஊரில் அந்த முனைகள் பச்சை பூத்துக் கிடப்பது சாதாரணம். இதையெல்லாம் செய்யும்போது பற்றரித் தொடுப்பில் பொறி பறக்காமல், பக்கத்தில் பீடி சிகரெட் இல்லாமல், தூள் தீயணைப்பான் ஒன்றோடு, என்ஜின் ஆறிய பிறகு திறந்த வெளியில் செய்யுங்கள். 5 பாரில் பீறும் பெற்றோல் விளையாட்டில்லை.

சாமான் வாங்குவதற்கு முன்னர் செலவில்லாத மூன்றைப் பார்த்துவிடுங்கள். சாவியைப் போட்டவுடன் பின்பக்கம் ஒரு விநாடி முனகல் கேட்கவேண்டும். கேட்காவிட்டால் பம்புக்குக் கரண்ட் கொடுக்கும் சுவிட்சான ரெலேயைத் திறந்து ஈயம் வைத்த இடங்களைப் பாருங்கள், சூட்டில் வெடித்திருக்கும். மீண்டும் ஈயம் வைத்தால் பல வருடம் ஓடும். ஏபிஎஸ் விளக்கும் எரிந்து ஐடிலிங்கும் (அக்சிலேட்டரை மிதிக்காமல் என்ஜின் ஓடுவது) கெட்டிருந்தால், மேலே சிவப்பு மூடிக்குள் ஃபியூஸ் இருக்கும் மின்னழுத்தக் காப்பு ரெலேயைச் சந்தேகியுங்கள். மூன்றாவது, தாங்கியின் அடியில் திருகி வைத்திருக்கும் வலை. மாதக்கணக்கில் நின்ற காரில் தாங்கிக்குள் தண்ணீர் வேர்த்து, துருவும் பிசினும் சேர்ந்து அந்த வலையை அடைத்துவிடும். அப்போது பம்ப் இழுக்க முடியாமல் சத்தம் போடும், பம்ப் முடிந்துவிட்டது என்று எல்லோரும் தீர்ப்புச் சொல்வார்கள். அழுக்குத் தாங்கியோடு புதுப் பம்ப் பூட்டினால் அதுவும் சீக்கிரம் அதே சத்தத்தைப் போடத் தொடங்கும். உங்கள் காருக்கு இந்த வலையைக் கழற்றித் தாங்கியைக் கழுவும் வேலை எப்படியும் உண்டு என்றே நினைக்கிறேன்.

சரி, இனி எதை வாங்குவது. பம்ப் உண்மையிலேயே பழுதென்றால் அதில் மிச்சம் பிடிக்காதீர்கள். புதிதாகப் போஷ் அல்லது பியர்பர்க், வேறொன்றும் வேண்டாம். ஒன்லைனில் கால் விலைக்கு வரும் பெயரில்லாப் பம்புகளில் சில நன்றாகவே ஓடக்கூடும்; ஆனால் எது ஓடும் எது ஓடாது என்று பெட்டியைப் பார்த்துச் சொல்ல எனக்கும் முடியாது, விற்பவருக்கும் முடியாது. ஜப்பான் காரின் பம்பைப் பூட்டித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். அவை பெரும்பாலும் 3 பாரை ஒட்டிய சிஸ்டத்துக்குச் செய்தவை. 5.5 பாருக்குத் தள்ளச் சொன்னால் தள்ளும் அளவு விழுந்துவிடும். கார் வீதியில் ஓடும், ஏற்றத்திலும் முந்தும்போதும் மூச்சு வாங்கும், நீங்கள் இன்ஜெக்டரைக் குறை சொல்லிக்கொண்டிருப்பீர்கள். 300ஈ போன்ற 6 சிலிண்டர்க் கார்களில் இரண்டு பம்ப் தொடராக இருப்பதுண்டு, உங்களுடையதில் ஒன்றுதான். பம்ப் நன்றாக இருந்து வால்வ் மட்டும் ஒழுகினால், பல போஷ் பம்புகளுக்கு அந்த வால்வைத் தனியாக வாங்கலாம். பம்பின் விலையில் அது ஒரு சிறு துண்டு. அக்யூமுலேட்டரும் புதிதாகவே வாங்கவேண்டும். கழற்றிய அக்யூமுலேட்டர் என்பது முப்பது வருடம் பழைய றப்பர். வெளியே எவ்வளவு பளபளப்பாகத் தேய்த்து வைத்தாலும் உள்ளே இருப்பது அதுதான்.

இன்ஜெக்டர் நாலையும் மாற்றும் யோசனைக்கு நான் எதிரி இல்லை, ஆனால் முதலில் கழற்றிப் பாருங்கள். இவை ஏறக்குறைய 3.5 முதல் 4 பாருக்குள் திறந்து, கூம்புபோல மெல்லிய புகையாக விசிறவேண்டும். கம்பிபோல நேரே பீறினாலோ, மூடிய பிறகு நுனியில் துளி தொங்கினாலோ அது போய்விட்டது. டீசல் நொசில் சோதிக்கும் இடத்துக்குக் கொண்டுபோனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்த மெசின் நூற்றுக்கணக்கான பாருக்குச் செய்தது. கைப்பிடியை வழக்கம்போல அடித்தால் உங்கள் இன்ஜெக்டர் அங்கேயே கெட்டுவிடும். வாங்குவதென்றால் நாலும் ஒரே தயாரிப்பு, ஒரே எண்ணாக இருக்கட்டும். இரண்டு பழசு இரண்டு புதுசு என்று கலந்தால் ஐடிலிங் சரிவராது. மாற்றினாலும் மாற்றாவிட்டாலும் இன்ஜெக்டரைச் சுற்றியுள்ள றப்பர் வளையங்களைப் புதிதாகப் போடுங்கள். அவை காய்ந்து கல்லாகிக் காற்று இழுப்பதால் வரும் நடுக்கத்தைப் பலர் இன்ஜெக்டர்ப் பழுதென்று எண்ணிப் பணம் கட்டுகிறார்கள்.

டிஸ்ட்ரிபியூட்டரைத் தொடவேண்டாம். கரண்ட் பிரிக்கும் டிஸ்ட்ரிபியூட்டரைச் சொல்லவில்லை, காற்றுத் தட்டுக்கு மேலே இருக்கும் பெற்றோல் டிஸ்ட்ரிபியூட்டரைச் சொல்கிறேன். அதற்குள் ஓடும் கம்பம் அதன் துளையோடு சோடி சேர்த்துத் தேய்த்துச் செய்தது. தனியாக விற்பதில்லை, ஒன்றை மற்றதில் போடவும் முடியாது. தலையைத் தூக்கும்போது அது நழுவி விழுந்தால் கதை முடிந்தது. இந்தச் சிஸ்டத்தில் ஆகக் குறைவாகப் பழுதாவதும் ஆகக் கூடிய விலையுள்ளதும் இதுதான், வேடிக்கை என்னவென்றால் முதலில் மாற்றச் சொல்வதும் இதைத்தான். நீண்ட காலம் நின்ற காரில் கம்பம் பிசினில் ஒட்டியிருக்க இடமுண்டு, அதை மறுக்கவில்லை. அப்படியென்றால் வெளிநாட்டில் இதைப் புதுப்பித்துத் தரும் இடங்களுக்கு அனுப்புவதுதான் வழி. கழற்றிய டிஸ்ட்ரிபியூட்டரை வாங்கினால் உங்கள் பிசினைக் கொடுத்து இன்னொருவரின் பிசினை வாங்குகிறீர்கள். பக்கத்தில் இரண்டு ஆணியில் நிற்கும் சின்ன மின் கட்டுப்பாட்டுப் பெட்டி ஒழுகினால், பெரும்பாலும் அதன் இரண்டு குட்டி ஓ ரிங்கை மாற்றினால் போதும். இன்னொன்று, கலவையைச் சரிசெய்யும் திருகு 3 மில்லிமீற்றர் ஆறுமூலைச் சாவியில் திரும்பும். புகை அளக்கும் கருவி இல்லாமல் அதை யாரும் திருப்ப விடாதீர்கள். அழுத்தம் சரியாகும் முன்னர் அதைத் திருப்பியிருந்தால் பழுது ஒன்றுக்கு இரண்டாகிவிடும்.

ஃபில்டர், ஹோஸ், வோஷர் விடயத்தில்தான் ஊரில் ஆகக் கூடிய தவறு நடக்கிறது. ஃபில்டர் எந்த நல்ல ஜேர்மன் தயாரிப்பானாலும் பரவாயில்லை, மான், மாலே, போஷ் எதுவும் சரி. அம்புக்குறி என்ஜின் பக்கம் பார்க்கவேண்டும். ஃபில்டருக்கும் அதைப் பிடிக்கும் பட்டிக்கும் நடுவே ஒரு பிளாஸ்டிக் உறை உண்டு. கழற்றும்போது அதை எறிந்துவிடுகிறார்கள். இரண்டு உலோகம் நேரே தொட்டால் உப்புக் காற்றில் ஃபில்டர் உடம்பு அரித்துப்போகும். செம்பு வோஷரை ஒவ்வொரு முறையும் புதிதாகப் போடுங்கள். தாங்கிப் பக்கத்து றப்பர் ஹோஸில் எஸ்ஏஈ ஜே30 ஆர்9 (SAE J30 R9) என்ற தர அடையாளம் அச்சடித்திருக்கவேண்டும், அதில் எழுத்து ஒன்றுமில்லாவிட்டால் வாங்காதீர்கள். என்ஜின் பக்கத்து அழுத்தக் குழாய்கள் முனை அழுத்திச் செய்தவை. அவற்றை வெட்டிச் சாதாரண ஹோஸும் கிளிப்பும் போடுவது காரைக் கொளுத்தும் வேலை. தோட்டத்துத் தண்ணீர் மெசினுக்குப் போடும், உள்ளே தெரியும் பிளாஸ்டிக் குழாயைப் பென்ஸில் கண்டிருக்கிறேன், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். தொண்ணூறுகளின் போர்க்காலப் பொருளாதாரத் தடையில் சில துளி பெற்றோலில் ஸ்டார்ட் பண்ணி, மொரிஸ் மைனரையும் ஒஸ்ரின் கேம்பிரிட்ஜையும் மண்ணெண்ணெயில் ஓட்டிய ஊர் இது. எங்கள் மெக்கானிக்மாரின் கையை நான் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் மொரிஸின் பம்ப் தருவது கால் பாருக்கும் குறைவு, இங்கே அதைப்போல இருபது மடங்குக்கு மேல். அங்கே பலித்த கைவைத்தியம் இங்கே பலிக்காது. காபரேற்றருக்கு மாற்றித் தருகிறேன் என்பவருக்கும் இதே பதில்தான்.

இனிப் பெட்டி. பென்ஸ் பெட்டிக்குள் இருக்கும் பம்பும் ஃபில்டரும் பலமுறை போஷ் செய்ததே. நட்சத்திரத்துக்குக் கூடுதல் பணம் கொடுப்பது உங்கள் விருப்பம், நான் போஷ் பெட்டியையே எடுப்பேன். றப்பர் வளையம், சிறப்பு வோஷர், பிளாஸ்டிக் உறை போன்ற சின்னச் சாமான்களுக்கு மட்டும் பென்ஸ் கவுண்டருக்குப் போவது நல்லது, அளவு பிசகாது. போஷ் எண் பத்து இலக்கம். பம்ப் 0 580 என்றும், ஃபில்டர் 0 450 என்றும், அக்யூமுலேட்டர், டிஸ்ட்ரிபியூட்டர் போன்றவை 0 438 என்றும் தொடங்கும். பெட்டியில் உள்ள எண்ணும் சாமானின் உடம்பில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்கவேண்டும். உடம்பில் எழுத்து மங்கலாகவோ ஸ்டிக்கராகவோ இருந்தால் போலி என்றே எடுங்கள். 2020இல் நின்ற கார் இறக்குமதி 2025 தொடக்கத்தில்தான் திறந்தது. இடையில் பழைய கார்களுக்கு மவுசு கூடியதோடு போலிப் பெட்டிகளும் கூடியதாகவே எனக்குத் தெரிகிறது. மொடலை மட்டும் சொல்லி வாங்காதீர்கள், சசி நம்பரைக் கொடுங்கள். 230ஈ செடான் என்றால் டபிள்யூடிபி (WDB) 124023 என்று தொடங்கும். புகையைச் சுத்தமாக்கும் கற்றலிற்றிக் கொன்வேர்ட்டர் உள்ளதற்கும் இல்லாததற்கும் சில எண்கள் வேறு.

பஞ்சிகாவத்தையை நான் ஒதுக்கச் சொல்லவில்லை. பம்புக்கு மேலே வரும் பிளாஸ்டிக் மூடி, பட்டிகள், காற்றுப் பெட்டி, துருப்பிடிக்காத இரும்புக் குழாய், தாங்கி, கொம்பியூட்டர்ப் பெட்டி இவற்றை அங்கே எடுத்தால் பாதிச் செலவு மிச்சம். றப்பரோ, ஒன்றோடொன்று தேயும் பாகமோ உள்ளே இருந்தால் அங்கே வாங்கவேண்டாம், இதுதான் நான் கோடு போடும் இடம்.

மச்சானுக்குக் கொடுக்கும் பட்டியல் இப்போதைக்கு ஃபில்டர், தாங்கி வலை, இன்ஜெக்டர் வளையங்கள், செம்பு வோஷர், ஆர்9 ஹோஸ் சில மீற்றர், அக்யூமுலேட்டர், பம்ப் வால்வ். பம்பையும் இன்ஜெக்டரையும் அளந்த பிறகு சேர்க்கலாம். எல்லாம் புதிதாக, பெட்டியோடும் பில்லோடும் வரட்டும். பழைய பம்பையோ டிஸ்ட்ரிபியூட்டரையோ புதுப்பிக்க என்று அவரிடம் பொதியில் கொடுத்து அனுப்பாதீர்கள். பெற்றோல் மணக்கும் சாமான் விமானத்தில் ஆபத்தான பொருள், விமான நிலையத்திலேயே பறித்துவிடுவார்கள். மூன்று அழுத்த எண்களையும், 40 விநாடியில் வந்த அளவையும், பம்பின் உடம்பிலுள்ள எண்ணையும் எடுத்து இங்கே எழுதுங்கள். மெக்கானிக் சொன்ன டிஸ்ட்ரிபியூட்டரைப் பற்றி அதைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.